மக்கள் கையெழுத்திடாத ஒப்பந்தங்கள்



தென் அரேபியாவின் ஹத்ரமௌத்தில், முக்கல்லாவைத் தலைநகராகக் கொண்டிருந்தது அல்-குஐத்தி சுல்தானகம். ஹைதராபாத் நிஜாமின் படையில் சேவை செய்து பொருள் சேர்த்த குடும்பம் எழுப்பிய அரசு அது.

1888-இல் பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம். பிரிட்டனின் அனுமதியின்றி அந்நிய நாடுகளோடு தொடர்பு கூடாது. 1937-இல் இன்னோர் ஒப்பந்தம். சமயமும் மரபும் தவிர மற்ற எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் ஆலோசகர் சொல்வதைச் சுல்தான் ஏற்க வேண்டும். எங்கோ கேட்டது போல இருக்கிறதா? நமது 1874 பங்கோர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். ஏறக்குறைய அதே ஷரத்து!

1966-இல் பிரிட்டன் கையை விரித்தது. 1968-க்குள் ஏடனை விட்டு வெளியேறுவோம், அதன்பின் பாதுகாப்புப் பொறுப்பு ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. 1967 செப்டம்பரில் தேசிய விடுதலை முன்னணி முக்கல்லாவைக் கைப்பற்றியது. சுல்தானகம் முடிந்தது. 1888-இன் காகிதம் அதைக் காப்பாற்றவில்லை.

இரண்டு ஒப்பந்தங்களிலும் மக்களின் கையெழுத்து இல்லை. சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். யாராவது உங்களுக்குப் பாதுகாப்புத் தருவதாகச் சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள்: எழுதும்போது நம்மைக் கேட்டார்களா? மீறினால் நாம் எங்கே போய் வழக்குப் போடுவது?