வெட்கப்பட வேண்டியவர் யார்?



இன்று இங்கு நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், சர்வகலாசாலைகளில் படிக்கும் பெண்களுக்கு, பெண்ணாய்ப் பிறந்த ஒரே காரணத்திற்காக நேரும் தொல்லைகளைத் தடுப்பதும், நேர்ந்தால் புகார் செய்வதும் எப்படி என்பதாகும். இது பட்டணத்தார் சங்கதி, நமக்கென்ன என்று கிராமத்துத் தோழர்கள் நினைத்துவிடக் கூடாது. இன்று உழுகிறவர் வீட்டுப் பெண்ணும், நெய்கிறவர் வீட்டுப் பெண்ணும் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கின்றார்கள். ஆகவே இது உங்கள் வீட்டுச் சங்கதியே ஆகும்.

தொல்லை என்றால் கையைப் பிடித்து இழுப்பது மாத்திரம் என்று பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. 2013-ம் வருஷத்துச் சட்டப்படி, இஷ்டமில்லாதவளைத் தொடுவதும், இணங்கும்படி கேட்பதும், ஆபாசமாய்ப் பேசுவதும், ஆபாசப் படம் காட்டுவதும் ஆகிய யாவும் பாலியல் தொல்லையே. “இணங்கினால் மார்க்கு, மறுத்தால் பெயில்” என்று வாயால் சொன்னாலும், ஜாடையாய்க் காட்டினாலும் அப்படியே. மார்க்குப் போடும் கையும், ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போடும் கையும் புரொபசருடையது. இந்த அதிகாரந்தான் தொல்லைக்கு வேரே ஒழிய, பெண்ணின் உடையோ நடையோ அல்ல.

சரி, அந்தப் பெண் வீட்டில் வந்து சொன்னால் என்ன நடக்கிறது? தகப்பனார் முதலில் கேட்பது, “நீ ஏன் அங்கே போனாய்?” என்பது. இரண்டாவது சொல்லுவது, “படித்தது போதும்” என்பது. மூன்றாவது செய்வது, மாப்பிள்ளை தேடுவது. குற்றம் செய்தவன் மறுநாளும் கௌரவமாய்ப் பாடம் நடத்துகிறான். ஒரு குற்றமும் செய்யாதவள் அடுப்பங்கரைக்குப் போகிறாள்! நமது புராணத்திலும் இதே நியாயந்தான். வேஷம் போட்டு வந்து மோசம் செய்த இந்திரன் தேவலோகத்துக்கே ராஜாவாய் இருந்தான். அகலிகை கல்லாய்க் கிடந்தாள். கதையை எழுதியவர்கள் போய்விட்டார்கள், நியாயம் மாத்திரம் நம் வீடுகளில் இருக்கின்றது.

தோழர்களே! தொல்லை கொடுக்கும் அயோக்கியனுடைய முதல் எது என்று நினைக்கின்றீர்கள்? அவன் படிப்பா, பணமா? இல்லை. “வெளியில் சொன்னால் இவள் படிப்பு நின்றுபோகும், அதனால் சொல்ல மாட்டாள்” என்கிற நம்பிக்கையே அவன் முதல். அதை அவனுக்குக் கொடுப்பவர்கள் நாமே.

சர்வகலாசாலைகளும் இதையேதான் செய்கின்றன. பத்திரத்துக்காக என்று சொல்லிப் பெண்கள் ஹாஸ்டலை மாலையிலேயே பூட்டுகிறார்கள். ஆண்கள் ஹாஸ்டலுக்கு அந்தக் கட்டு இல்லை. திருடன் வெளியில் உலாவ, திருட்டுக் கொடுத்தவரைப் பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்? யு.ஜி.சி. 2015-ல் செய்த விதிகள், பத்திரத்தைச் சாக்காக வைத்து, ஆண்களுக்கு இல்லாத பாரபட்சமான கட்டுப்பாடுகளைப் பெண்களுக்கு விதிக்கக் கூடாது என்று தெளிவாய்ச் சொல்லுகின்றன.

இந்தச் சட்டங்கள் வந்ததற்குக் காரணம் படித்த சீமாட்டிகள் மாத்திரமல்ல. ராஜஸ்தானத்தில் பன்வாரி தேவி என்ற குயவர் குலத்துப் பெண், குழந்தைக் கலியாணத்தைத் தடுக்கப் போனார். அதற்காகத் தன்னை மேல்சாதிக்காரர்கள் பலாத்காரம் செய்தார்கள் என்று 1992-ல் புகார் கொடுத்தார். 1995-ல் கோர்ட்டு அவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. ஆனால் அந்த அம்மாள் வெட்கப்பட்டு மூலையில் உட்காரவில்லை. அச்சம்பவத்தையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் சுப்ரீம் கோர்ட்டு 1997-ல் விசாகா தீர்ப்பை அளித்தது. 2013-ம் வருஷத்துச் சட்டம் அதிலிருந்து பிறந்ததே.

இனிச் செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவும், அங்கத்தினரில் பாதிப் பேராவது பெண்களாகவும் இருக்க வேண்டும். வைஸ் சான்சலர், ரிஜிஸ்திரார் போன்ற பெரிய அதிகாரிகள் அதில் இருக்கக் கூடாது. புகாரைச் சம்பவத்திலிருந்து 3 மாதத்திற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணமிருந்தால் இன்னும் 3 மாதம் வரை தவணை உண்டு. எழுத இயலாவிட்டால் குழுவே எழுத உதவ வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை, புகாருக்கு ஆளானவர் அப்பெண்ணின் பரீட்சைத் தாளைத் திருத்தாதபடி தடுக்கலாம். பெயரை வெளியிடக் கூடாது. போலீசுக்குப் போகவும் தடையில்லை. தேதி, இடம், கண்டவர்கள் ஆகியவற்றைக் குறித்து வைப்பதும், வந்த செய்திகளை அழிக்காமலிருப்பதும் மிக மிக அவசியம்.

“பொய்ப் புகார் கொடுத்தால்?” என்று சிலர் கேட்பார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னதாய் விசாரணையில் ஏற்பட்டால் அதற்கும் நடவடிக்கை உண்டு. ஆனால், ருஜுப்பிக்க முடியாமற் போனதாலேயே புகார் பொய்யாகிவிடாது. எதிரியின் தரப்பையும் ஒழுங்காய்க் கேட்கத்தான் வேண்டும். கோவாவில் ஒரு சர்வகலாசாலையில் 2009-ல் வந்த புகாரை முறை தவறி அவசரமாய் விசாரித்ததால், 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை ரத்துச் செய்து மறு விசாரணைக்கு அனுப்பிற்று. 14 வருஷம் பாழ்! ஆதலால் குழு இருந்தால் மட்டும் போதாது, அது வேலை தெரிந்ததாயும் இருக்க வேண்டும்.

கடைசியாக, தாய்மார்களே, தகப்பன்மார்களே! சட்டம் கல்லூரி வாசல் வரையில்தான் வரும். உங்கள் வீட்டு வாசலுக்குள் நீங்கள்தான் மாற வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பெண்ணிடம், “என்ன நடந்தாலும் சொல், உன் படிப்பு நிற்காது” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பையனிடம், “வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே அர்த்தம்” என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவன் வெட்கப்படட்டும். படிக்க வேண்டியவள் படிக்கட்டும் என்று கூறி, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.