காணாமற்போனவரைத் தேடும் மூதாட்டி



எம்மா ஹீலி 2014-இல் எழுதிய 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்' என்னும் ஆங்கில நாவலில் துப்பறிபவர், எண்பது கடந்த மாட் என்ற மூதாட்டி, மறதி நோயுற்றவர். தோழியைக் காணோமென்று போலீஸ் நிலையத்திற்குப் பன்முறை செல்கிறார், எள்ளலே கிட்டுகிறது. குறிப்பெழுதிய சீட்டுகளே துணை. எழுதிய காரணமோ மறந்துபோகிறது! ஆயினும் அந்த ஓயாத கேள்விக்கு அடியில், 1946-இல் மறைந்த தமக்கையின் மர்மம் கிடக்கிறது. ஹீலியின் பாட்டியாரும் இந்நோய் கண்டவரே.

ஆனைக்கரையில் எம் அன்னையார் மாலைதோறும், "வண்டி வந்துவிட்டதா?" என்பார். ரயில்வே குமாஸ்தா அல்லவா, நேரத்தைச் சொல்லி அகன்றுவிடுவோம். இந்நூலைப் படித்த பின்னரே, "யார் வரவேண்டும், அம்மா?" என்று கேட்டோம். தம் தம்பியின் பெயரைச் சொன்னார். அப்படியொரு மாமன் இருந்ததையே யாம் அன்றுவரை அறியோம்.