முதல் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

(திருப்போரூரில் நடந்த கூட்டமைப்பு ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கிக் கடன் பற்றியும் திருப்பிச் செலுத்துவது பற்றியும் முன்னால் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். வேலை செய்கிற இடத்தில் அடிபட்டால் எந்த டாக்டரிடம் போவது, நஷ்டஈடு கேட்கும்போது அது எப்படி உதவும் என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். "இதுல பேச என்ன இருக்கு, பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போறதுதானே" என்று முன்வரிசையில் ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் அக்கா சொல்வதுதான் சரி. 108-ஐக் கூப்பிட்டு, எது பக்கமோ அங்கே போகணும். அங்கே போய்ச் சேர்ந்ததும் நாம் என்ன சொல்கிறோம், அவர்கள் என்ன எழுதுகிறார்கள், அதற்கு அடுத்த நாள் யாரிடம் போகிறோம் என்பதைத்தான் நான் பேச வந்தேன்.

நம்ம வட்டாரத்தில் வயல் வேலையை மட்டும் நம்பி இருக்கிற வீடு இப்போது குறைவு. ஆலத்தூர் சிட்கோவில் மருந்து பாக்கிங், சிறுசேரியில் ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கட்டட வேலை, கடலோரத்தில் இறால் குஞ்சுப் பொரிப்பகம், ஓட்டல், ரிசார்ட் என்று போய்க்கொண்டிருக்கிறோம். உங்கள் சங்கத்தின் உள்கடன் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். "மருத்துவச் செலவு" என்று காரணம் போட்ட கடன்களில் எத்தனை, வேலையிடத்தில் பட்ட அடிக்கு வாங்கியது? முதலாளி கொடுக்க வேண்டிய பணத்தை நம்ம சங்கம் கடனாகக் கொடுத்து, அதை வட்டியோடு நாமே கட்டிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில்தான் கோபம்.

பெயர் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன். நம்ம உறுப்பினர் ஒருவருக்கு, சின்ன பாக்கிங் ஷெட் ஒன்றில் வெட்டும் மெஷினில் வலது ஆள்காட்டி விரலின் மேல்கணு போய்விட்டது. சூப்பர்வைசர் உடனே ஆட்டோ பிடித்துத் தெரிந்த கிளினிக்குக் கூட்டிப் போனார். ஆட்டோவில் போகும்போதே, "வீட்ல தேங்கா வெட்டும்போது பட்டதுன்னு சொல்லிடுங்கம்மா. இல்லன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், உங்களுக்குத்தான் அலைச்சல். செலவெல்லாம் கம்பெனி பார்த்துக்கும்" என்றார். ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது யாருக்குத்தான் யோசிக்க வரும்? அவரும் அப்படியே சொன்னார். டாக்டரும் அப்படியே எழுதினார். முதல் இரண்டு கட்டு மாற்றுகிற வரைக்கும் கம்பெனி பணம் கட்டியது. அப்புறம் போனை எடுக்கவில்லை. நஷ்டஈடு கேட்டு மனு போட்டபோது கம்பெனி வக்கீல் முதலில் நீட்டிய காகிதம் அந்தக் கிளினிக் சீட்டுதான். கூட வேலை செய்த இரண்டு பெண்கள், வேலை போனாலும் போகட்டும் என்று சாட்சி சொல்ல வந்ததால் அந்த வழக்கு நின்றது.

நம்ம சங்கத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதாத தீர்மானம் போட்ட தீர்மானமே இல்லை. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அடிபட்டு வருகிறவர்களுக்கு விபத்துப் பதிவேடு போடுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லாரும் சொல்வது அதன் நகலைத்தான். யார் கூட்டி வந்தார்கள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதனால் அடிபட்டது என்று நாம் சொல்வதை அதில் எழுதுவார்கள். "இன்ன கம்பெனியில், இன்ன மெஷினில், வேலை செய்துகொண்டிருக்கும்போது" என்று நம்ம வாயால் சொல்லணும். மயக்கத்தில் இருந்தால் கூடப் போகிறவர் சொல்லணும். தனியார் ஆஸ்பத்திரியில் இதையே "ஹிஸ்டரி" என்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வரணும். இங்கிலீஷில் இருக்கும், புரியாது என்றால் நர்ஸ் பொண்ணிடமே வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வார்கள்.

சரி, டாக்டரை யார் தேர்ந்தெடுப்பது? நாமா, கம்பெனியா? அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில், அடிபடுவதற்கு முன்னாலேயே "என் டாக்டர் இவர்" என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்து வைக்கலாம், சில நிபந்தனைகளோடு. நம்ம ஊரில் அப்படி ஏற்பாடு இல்லை. இங்கே முதலில் பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டைத்தான். அதில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி.

இஎஸ்ஐ என்பது பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலைகளில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உள்ளது. நம்ம சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிப்பார்கள், கம்பெனி மூன்றேகால் ரூபாய் போடணும். இதில் இருக்கிறவர்கள் அவரவர் டிஸ்பென்சரிக்குப் போகணும். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புவார்கள். வேலைக்குப் போக முடியாது என்று இஎஸ்ஐ டாக்டர் சர்டிபிகேட் கொடுக்கிற நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். நிரந்தர ஊனம் என்றால் எத்தனை சதவீதம் என்பதை இஎஸ்ஐயின் மருத்துவக் குழு முடிவு செய்யும், அதன்படி மாதாமாதம் பணம் வரும். குழு குறைத்துப் போட்டுவிட்டது என்று தோன்றினால் மேல்முறையீடு உண்டு. வேறு டாக்டர் எழுதிய காகிதங்களையும் அங்கே காட்டலாம்.

நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தேன், கார்டே வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை மாதம் பணம் கட்டியிருக்கணும் என்ற கணக்குக் கிடையாது. சேர்ந்த நாளிலிருந்தே உரிமை உண்டு. கம்பெனி பேரைப் பதியாமல் விட்டிருந்தாலும் அந்தக் குற்றம் தொழிலாளி தலையில் விழாது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், திரும்பி வரும் வழியில் நடக்கிற விபத்தையும் 2010இல் வந்த திருத்தம் சேர்த்திருக்கிறது. கம்பெனி வேனில் போய் வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இதை 2020இல் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். பெயர் மாறினாலும் காயத்துக்கான சதவீத அட்டவணையும், மருத்துவப் பரிசோதனை பற்றிய விதிகளும் அதிலும் இருக்கின்றன. இந்த வழியில் வைத்தியத்துக்கு நாம் செய்த உண்மையான செலவையும் முதலாளி திருப்பிக் கொடுக்கணும். அதனால் மருந்துக்கடை பில், ஸ்கேன் பில், ஆட்டோக் கூலிச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இந்தச் சட்டத்தில் டாக்டர் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. விபத்து பற்றி நோட்டீஸ் கிடைத்த மூன்று நாளைக்குள், தன் செலவில் ஒரு டாக்டரை வைத்து நம்மைப் பரிசோதிக்க முதலாளிக்கு உரிமை உண்டு. அந்தப் பரிசோதனைக்கு நாம் போகணும். "உங்க டாக்டர் வேண்டாம்" என்று மறுத்தால், மறுக்கிற காலம் வரை நஷ்டஈடு நின்றுபோகும். ஆனால் பரிசோதனைக்குப் போவது வேறு, வைத்தியம் பார்ப்பது வேறு. கம்பெனி காட்டுகிற டாக்டரிடம்தான் கடைசிவரை வைத்தியம் பார்க்கணும் என்று எங்கேயும் இல்லை. தகுதி பெற்ற டாக்டர் ஒருவரிடம் ஒழுங்காகப் போய், அவர் சொன்னபடி நடந்திருக்கிறோமா என்றுதான் பார்ப்பார்கள். அதைச் செய்யாமல் காயம் முற்றிப் போனால், "ஒழுங்காக வைத்தியம் பார்த்திருந்தால் இவ்வளவுதான் ஆகியிருக்கும்" என்று கணக்குப் போட்டு நஷ்டஈட்டைக் குறைத்துவிடலாம்.

எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்கு ஓடுகிற பழக்கம் நமக்கு உண்டு. குணமான கதைகளும் நிறையச் சொல்வீர்கள், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அங்கே எக்ஸ்ரே ரிப்போர்ட் வராது, சதவீதம் போட்டு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரைக்கும் இதே கதிதான். நஷ்டஈட்டு ஆணையர் முன்னால் நிற்கும்போது அந்த மாதங்கள் வைத்தியமே பார்க்காத மாதங்களாகத் தெரியும்.

பெண்களுக்கு என்று இந்த விதிகளில் இரண்டு இருக்கின்றன, யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒன்று, கம்பெனி வைக்கிற பரிசோதனையில் ஆண் டாக்டர் என்றால், நம்ம சம்மதம் இல்லாமல் இன்னொரு பெண் கூட இல்லாத இடத்தில் பரிசோதிக்கக் கூடாது. தயங்காமல் மகளையோ சங்கத்துப் பெண்ணையோ உள்ளே கூட்டிப் போங்கள். இன்னொன்று, ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிற மொத்த நஷ்டஈட்டுத் தொகையை ஆணையரிடம் கட்டித்தான் கொடுக்கணும். முதலாளி நேராகக் கையில் கொடுத்தால் அது நஷ்டஈடாகவே கணக்கில் வராது. ஐயாயிரம் ரூபாயைக் கையில் வைத்து, வெற்றுத் தாளில் "எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று கையெழுத்து வாங்குகிறார்களே, உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்குகிற அந்த மாதிரி ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதற்காகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அப்புறம் அலைய வேண்டியிருக்கும்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் டாக்டர் எழுதுகிற ஒரு வார்த்தைக்கு என்ன விலை என்று புரியும். நாற்பது வயசு, மாதம் 10,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 6,000. நாற்பது வயசுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் எண் 184.17. இரண்டையும் பெருக்கினால் 11,05,020 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் அட்டவணையில் 14 சதவீதம், அதாவது 1,54,703 ரூபாய். ஒரு கணு போனால் 9 சதவீதம், 99,452 ரூபாய். எலும்பு போகாமல் நுனி மட்டும் போனால் 5 சதவீதம், 55,251 ரூபாய். எலும்பு போனதா இல்லையா என்று டாக்டர் எழுதுகிற அந்த ஒரு வரியில் 44,000 ரூபாய் வித்தியாசம். எக்ஸ்ரே படத்தைப் பத்திரமாக வையுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

விரல் போனால் அட்டவணை இருக்கிறது. இடுப்பு பிடித்துப்போனால்? விரல் இருந்தும் மடக்க முடியாமல் விறைத்துப்போனால்? அங்கே அட்டவணை கிடையாது. சம்பாதிக்கிற திறன் எவ்வளவு குறைந்தது என்று தகுதி பெற்ற டாக்டர் சொல்லணும். மாற்றுத்திறனாளி அட்டைக்குப் போடுகிற உடல் ஊன சதவீதம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பி ஏமாந்தவர்கள் உண்டு. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் அவர் சரியாக எழுத முடியும். "கூலி வேலை" என்று ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள். எத்தனை கிலோ தூக்குவேன், எத்தனை மணி நேரம் குனிந்து நிற்பேன், எந்தக் கையால் செய்வேன் என்று சொல்லுங்கள்.

ஒரிசாவில் ஒரு தச்சர். 1968இல் ஜெய்ப்பூர் என்ற ஊரில் சினிமாக் கொட்டகை ஒன்றில் அலங்கார மரவேலை செய்யும்போது விழுந்து இடது கையை இழந்தார். அந்த ஜெய்ப்பூர் ஒரிசாவில் இருக்கிறது, ராஜஸ்தானில் அல்ல. ஒரு கைதானே போனது, பகுதி ஊனம்தான் என்று முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம்தான் என்று 1975இல் நீதிமன்றம் சொன்னது. விபத்து நடந்த அன்றைக்கே நஷ்டஈடு கொடுக்கும் கடமை தொடங்கிவிடுகிறது என்றும் சொன்னது. இன்றைக்கும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுகிற தீர்ப்பு அது.

அப்படியானால் எந்த டாக்டர் நல்ல டாக்டர் என்றால், என் அனுபவத்தில் சொல்கிறேன். கம்பெனி ஆளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நம்மிடம் நேராகக் கேட்கிறவர், நாம் சொன்னதை எழுதுகிறவர், நாளைக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் வருகிறவர். தனியாருக்குப் போக வசதி இல்லை என்று வருத்தப்பட வேண்டாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவு இருக்கிறது. அங்கே கூட்டம்தான், காத்திருக்கணும், ஆனால் பதிவு இருக்கும். பளபளப்பான கிளினிக்கில் கிடைக்கிற துண்டுச் சீட்டைவிட அரசு ஆஸ்பத்திரிப் பதிவையே நான் நம்புவேன். முதலில் வேறு இடத்தில் கட்டுப் போட்டிருந்தாலும் அடுத்த நாளே அங்கே போய்ப் பதிந்துகொள்ளலாம்.

மனு போட இரண்டு வருஷத்தைத் தாண்ட விடாதீர்கள். நாம் குடியிருக்கிற இடத்துக்கு உரிய ஆணையரிடமே போடலாம், விபத்து நடந்த ஊருக்குத்தான் போகணும் என்று இல்லை. பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கிறது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

வீட்டு வேலைக்குப் போகிற அக்காமார்கள் சிலர் "எங்களுக்கு?" என்று காலையிலேயே கேட்டார்கள். இந்த இரண்டு சட்டமும் உங்களை நேராகத் தொடவில்லை. அது அநியாயம்தான், நாம் கேட்டு வாங்க வேண்டியதும் இருக்கிறது. இப்போதைக்கு வீட்டுப் பணியாளர் நல வாரியத்திலும், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் பெயர் பதிந்துகொள்ளுங்கள். சித்தாள்களுக்கு இழப்பீட்டுச் சட்டமும் உண்டு. மேஸ்திரி கைவிரித்தால் அவருக்கு மேலே வேலையைக் கொடுத்த கம்பெனியிடமும் கேட்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பின்பக்கத் தாழ்வாரத்தில் இருப்பேன். இஎஸ்ஐ கார்டு வைத்திருக்கிறவர்கள் எடுத்து வாருங்கள். எந்த டிஸ்பென்சரி பெயர் இருக்கிறது, வீடு மாறியிருந்தால் மாற்றணுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருக்கிறவர்களும் வாருங்கள், உட்கார்ந்து வாசித்துப் பார்ப்போம்.