கண்ணில் படும் உரிமை



வழியில் ஒரு கணம் கண்ட முகத்தை ஓவியமாக்குவதைப் பலரும் அழகியல் சார்ந்த விஷயமாகவே பேசுகிறார்கள். நமக்கு அது வேறு இடத்தில் தொடங்குகிறது. நெல்லைச் சீமையில் புதிரை வண்ணார் பகலில் வெளியே வரக்கூடாது, அவர்களைக் கண்டாலே தீட்டு என்றிருந்த கொடுமையை, 1932இல் வெளியான செய்தியைக் கொண்டு அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். கண்ணில் படுவதே குற்றமாக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த மண் இது. ஆகவே யார் யாரைப் பார்க்கிறார், பார்த்தபின் என்ன செய்கிறார் என்பது நமக்கு அரசியல் கேள்வி.

சாதி பார்க்க மறுத்தது. காலனிய அரசு பார்த்துப் பட்டியலிட்டது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ புகைப்பட நூலில், பல படங்களுக்குக் கீழே சாதியின் பெயரோ இனத்தின் பெயரோதான் இருக்கிறது. படத்திலிருக்கும் ஆளின் பெயர் இல்லை.

நல்லெண்ணம் இருந்தால் இது மாறிவிடுமா? 1936 மார்ச்சில், கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டாரதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். செய்தி வெளியானதும் முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தது. அதற்குள் அந்தத் தாயின் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது. பெயரைக் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னாளில் எழுதினார். அவர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், செரோக்கி பழங்குடி வழிவந்தவர். இது உலகுக்குத் தெரிய 1978 ஆயிற்று. உலகப் புகழ்பெற்ற அந்தப் படத்தால் அவருக்குப் பல ஆண்டுகள் ஒரு காசும் வரவில்லை.

நியூயார்க்கின் கறுப்பின ஓவியர் ஜோர்டன் காஸ்டீல் வேறு வழி காட்டுகிறார். ஹார்லெம் தெருவில் கண்ட வியாபாரிகளிடம் நின்று பேசி, சம்மதம் பெற்றுப் படமெடுத்து, அதைப் பார்த்துப் பெரிய அளவில் வரைகிறார். ‘ஜேம்ஸ்’ என்று ஓவியத்துக்கே அவர்கள் பெயரை வைக்கிறார். சுரங்க ரயிலில் எதிரே இருப்பவரை, பேசாமலே கைபேசியில் படமெடுத்து வரையும்போதோ கைகளும் மடியும்தான் ஓவியத்தில் வருகின்றன, முகத்தை விட்டுவிடுகிறார். கேட்காமல் முகத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பாடத்தை நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஓவியங்களுக்கு வருவோம். விடியற்காலைப் பேருந்திலிருந்து ஒரு தூய்மைப் பணியாளரைப் பார்க்கிறோம், மனம் பதறுகிறது, வரைகிறோம். துடைப்பமும் சாக்கடையும் வளைந்த முதுகும் தெளிவாக வருகின்றன. முகம் மங்கலாக வருகிறது. அனுதாபத்தோடு வரைந்தாலும், தொழிலை வைத்து ஆளை அடையாளம் காணும் அதே பழைய பட்டியல்தான் இது.

மாணவர்களே, அடுத்த நிறுத்தத்தில் இறங்குங்கள். நீங்கள் யார், எதற்காக வரைகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர் மறுத்தால் நோட்டை மூடிவிடுங்கள். வரைந்ததை அவரிடம் முதலில் காட்டுங்கள். எப்படித் தெரிய விரும்புகிறார் என்று கேளுங்கள். பணிச்சீருடையில் அல்ல, பேத்தியோடு திருவிழாவுக்குப் போகும் புடவையில் என்று அவர் சொல்லலாம். ஒப்பந்தக்காரர் வேலையைப் பறித்துவிடுவார் என்று அஞ்சிப் பெயரைப் போட வேண்டாம் என்றால், போடாதீர்கள். அந்த முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

கண்ணில் படும் உரிமை நமக்கு மறுக்கப்பட்டது. எப்படிக் கண்ணில் படுவது என்று முடிவு செய்யும் உரிமையும் சேர்ந்தால்தான் அது முழு உரிமை.

ஜெய்பீம்.