மூணு காப்பி இருந்தும் போச்சு

விர்ச்சுவல் மெஷினோட டிஸ்க்கை நெட்வொர்க்ல வெச்சா என்ன லாபம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

நான் பயன்படுத்துறது செஃப். சமையல்காரர் இல்லை, ஓப்பன் சோர்ஸ் ஸ்டோரேஜ். அதுல 100 ஜிபி டிஸ்க் ஒண்ணு உருவாக்கினா, அது 4 எம்பி துண்டுகளாப் பிரிஞ்சு, வழக்கமா துண்டுக்கு 3 காப்பியா வேற வேற சர்வர்ல உக்காரும். மெஷின் ஓடுற சர்வர் செத்தாலும், அதே டிஸ்க்கோட பக்கத்து சர்வர்ல எழுப்பிடலாம்.

நான் விழுந்ததும் அங்கதான். ஒரு ராத்திரி ஒரு சர்வர் பதில் சொல்லலை. செத்துடுச்சுன்னு நினைச்சு, மெஷினை இன்னொரு சர்வர்ல ஸ்டார்ட் பண்ணிட்டேன். உண்மையில அறுந்தது மேனேஜ்மென்ட் நெட்வொர்க் மட்டும். ஸ்டோரேஜுக்குத் தனி நெட்வொர்க். அது நல்லாத்தான் இருந்தது. பழைய மெஷினும் ஓடிட்டே இருந்திருக்கு. ஒரே டிஸ்க்ல ரெண்டு பேர் எழுதினதுல ஃபைல் சிஸ்டம் சிதைஞ்சுது. 3 காப்பியும் அச்சு அசலா அதே மாதிரி!

எக்ஸ்க்ளூசிவ் லாக் தடுக்காதான்னு கேப்பீங்க. யார் கேட்டாலும் அது லாக்கைக் கை மாத்திக் குடுத்துடும், பாவம்.

முந்தின நாள் பேக்கப்ல இருந்து எழுப்பினோம். ஒரு நாள் ஆர்டர் மொத்தமும் போச்சு.

இப்பெல்லாம் பதில் வராத சர்வரை, ஆள் அனுப்பியாவது பவரைப் பிடுங்கிட்டுத்தான் டிஸ்க்கைத் தொடுறேன். இதுக்குப் பேர் ஃபென்சிங். அதைத் தானா நடக்க வைக்கிறது எப்படின்னு அடுத்த எபிசோடுல பேசலாம்.