வெட்டுப்பட்ட 'வேண்டாம்'



மருந்து லேபிள் அச்சிடும் மென்பொருள் ஒன்று எழுதினேன். திரையில் வரிகள் அழகாக மடங்கின. லேபிளிலோ, 'வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டாம்' என்பது 'வெறும் வயிற்றில் சாப்பிட' என்று நின்றுவிட்டது! நல்லவேளை, சோதனையிலேயே மருந்துக்கடை அம்மா பார்த்து, "என்ன தம்பி, தலைகீழா இருக்கே?" என்றார். ஆடிப்போய்விட்டேன்.

வரிக்கு 24 எழுத்து இடம். அந்த வாக்கியம் இடைவெளியோடு 19 எழுத்துதான். ஆனால் யூனிகோடில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள், மொத்தம் 33. 24-க்கு மேல் போனதை வெட்டச் சொல்லியிருந்தேன். தமிழில் மறுப்பு கடைசியில்தானே வரும்? அதுவே போச்சு!

இப்போது எழுத்தாக எண்ணி, சொல் முடியும் இடத்தில் மடக்கி, மிச்சத்தை அடுத்த வரிக்கு அனுப்புகிறேன். தம்பி தங்கைகளே, திரையோடு திருப்தி அடையாதீர்கள். தாளில் அடித்து, கடைசிச் சொல் வரை படியுங்கள்.