கற்றை மையம் எங்கே?

எக்ஸ் கதிர் படிகவியலில் தரவுச் செயலாக்கம் பாதியில் முறுக்கிக்கொண்டு நின்றால், முதலில் திறந்து பார்க்க வேண்டியது விளிம்பு விளைவுப் படத்தை. எண் அட்டவணை பிறகுதான். சின்க்ரோட்ரான் நிலையங்களின் தானியங்கி நிரல்கள் சில நிமிடங்களில் முடிவைக் கையில் கொடுத்துவிடுவதால், படம் பார்க்கும் வழக்கமே அருகி வருகிறது. புள்ளிகள் இரட்டையாகப் பிளந்திருக்கின்றனவா, 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் பனி வளையங்கள் விழுந்திருக்கின்றனவா, சுழற்சியின் நடுவே படிகம் கற்றையை விட்டு விலகியதா என்பவற்றைக் கண் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

அடுத்தது ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் சுட்டெண்ணை இடுதல். இங்கே எழும் சிக்கல்களில் பெரும்பங்கு ஒரே இடத்தில் பிறக்கிறது: நேர்க்கற்றை விழும் மையத்தின் ஆயத்தொலைவு. படத்தின் தலைப்பில் எழுதப்பட்டிருக்கும் மையம் பழையதாக இருக்கலாம். எக்ஸ், ஒய் அச்சுகள் இடம் மாறியும் இருக்கலாம். எவ்வளவு பிழையைத் தாங்கலாம் என்பது எளிய கணக்கு. அலைநீளம் 1 ஆங்ஸ்ட்ராம், உணரி 250 மில்லிமீட்டர் தூரத்தில், அலகுக்கூட்டின் நீளம் 100 ஆங்ஸ்ட்ராம் என்றால், அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளி சுமார் 2.5 மில்லிமீட்டர். மையம் அதில் பாதிக்கு மேல், அதாவது 1.25 மில்லிமீட்டருக்கு மேல் பிசகினால் சுட்டெண் ஒன்று தள்ளிவிடும். அலகுக்கூடு 300 ஆங்ஸ்ட்ராம் நீளமானால் பொறுதி 0.4 மில்லிமீட்டர்தான்; பிலாட்டஸ் உணரியில் அது இரண்டரை பிக்சல்கூட இல்லை.

சட்டைப் பொத்தானை ஒரு காஜா தள்ளிப் போட்டதைப் போன்றது இது. எல்லாப் பொத்தானும் ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளும்; கழுத்துப்பட்டைக்கு வரும்போதுதான் குட்டு வெளிப்படும். அலகுக்கூடு சரியாக வரும், புள்ளிகளும் பொருந்தும். எல்லாப் படங்களின் செறிவுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ஸ்கேலிங்கைச் செய்யும்போதுதான் சமச்சீரால் ஒத்திருக்க வேண்டிய செறிவுகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகும். பலர் உடனே சமச்சீரைக் குறைத்து, மிகக் குறைந்த சமச்சீர் கொண்ட பி1-இல் தஞ்சம் புகுகிறார்கள். ஒப்பிட வேண்டிய புள்ளிகள் குறைவதால் எண்கள் அழகாகின்றன. பிழை அப்படியே இருக்கிறது. வுல்ஃப்காங் கப்ஷ் எழுதிய எக்ஸ்டிஎஸ் நிரல், வேறு மையங்களை வைத்தால் பொருத்தம் எப்படி அமையும் என்று ஒரு பட்டியலே அச்சிடுகிறது. அதைப் படிப்பவர் குறைவு. பனி வளையம் இருந்தால் அதன் வட்ட மையமே சாட்சி. மனத்தில் நிறுத்தத் தக்கது: படிகத்தின் சமச்சீர் வகையான ஸ்பேஸ் குரூப்பை மாற்றும் முன் மையத்தைச் சரிபார்க்க வேண்டும்.

ஸ்கேலிங்கில், ஒரே புள்ளியின் பல அளவீடுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் ஆர்-மெர்ஜ் எண்ணைக் கண்டு அஞ்சுவது பழைய நோய். ஒரே புள்ளியை அதிக முறை அளந்தால் சராசரி துல்லியமாகும். ஆனால் ஆர்-மெர்ஜ் ஏறும்! டீடெரிக்ஸும் கார்ப்ளஸும் 1997-இல் இதைத் திருத்தி ஆர்-மீஸ் என்ற அளவைத் தந்தார்கள். 2012-இல் அதே இருவர் முன்வைத்த சிசி-அரை, அளவீடுகளை இரு பாதியாகப் பிரித்து ஒப்பிடுகிறது. வலுவற்ற வெளி வளையத் தரவை வெட்டி எறியும் வழக்கம் பெரும்பாலும் வீண் என்று அது காட்டியது. ஆனால் இரட்டைப் படிகத்தை இந்த எண்கள் காட்டிக்கொடுக்காது. அதற்கு எல்-சோதனை வேண்டும்: இரு புள்ளிகளின் செறிவு வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துக் கிடைக்கும் எல் என்பதன் தனிமதிப்புச் சராசரி இயல்பான படிகத்தில் 0.5, முழு இரட்டையில் 0.375.

செயலாக்கம் முடிந்து கோப்பை மாற்றும் கட்டத்திலும் கவனம் தேவை. படிகவியலாளர் ஜெஃப்ரி சாங் குழுவின் சொந்த நிரல் ஒன்று, ஒழுங்கற்ற சிதறலுக்கான இரு நெடுவரிசைகளின் தரவை இடம் மாற்றிவிட்டது. அதனால் அவர்கள் கண்ட எம்எஸ்பிஏ புரதத்தின் அமைப்பு கண்ணாடிப் பிம்பம்போல் எதிர்க்கையாக அமைந்தது. 2001-இல் வெளியான முதல் அமைப்பின் தெளிவு 4.5 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே என்பதால் சுருளின் திசை அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. 2006-இல் டாசனும் லோக்கரும் சாவ்1866 என்னும் உறவுப் புரதத்தின் அமைப்பை வெளியிட்ட பிறகே முரண் தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சயன்ஸ் இதழில் வந்த மூன்று கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.